முதல் பந்தியோடு சரி

"கோபத்தை விடணும் தாயி. ஒரு வழி சொல்லுங்க," என்றார் மாசிலாமணி.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்கியது. வயசு அறுபத்தொன்று. கல்நார் ஷீட் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் சாக்கு உதறியவர். உதறிய தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

தாயி என்றது வடிவாம்பாளை. அவரைவிடப் பதினைந்து வயசு சின்னவள். கம்பெனி மதிலை ஒட்டியிருக்கும் சித்தர் சமாதியைப் பார்த்துக்கொள்கிறவள். மாசிலாமணி அவளிடம் உபதேசம் வாங்கி எட்டு வருஷம் ஆகிறது.

"யார் மேல கோபம்?"

"அதான் தெரியலை. பழைய முதலாளி கம்பெனியை வித்துட்டுப் போயிட்டார். வாங்கினவங்க மேல கேஸ் போட்டோம். வாங்கின அன்னைக்கு அந்தக் கம்பெனி என்ன விலை பெறுமோ, அதுக்கு மேல அவங்க நஷ்டஈடு தர வேண்டாம்னு சட்டம் இருக்காம். எனக்கு முன்னாடி கேஸ் போட்டவங்களுக்கே அந்தப் பணம் தீர்ந்து போச்சாம்."

"அப்போ உங்களுக்கு?"

"ஆக்ஸிஜன் சிலிண்டருக்குக்கூட வழியில்லை. எனக்கு நோய் லேட்டா வந்துடுச்சாம்."

அடப்பாவிகளா! நோய் என்ன பஸ்ஸா, டைம் பார்த்து வர?

வடிவாம்பாள் சமாதி விளக்குக்கு எண்ணெய் விட்டாள்.

"நாளைக்குக் குருபூஜை. சாப்பிட வாங்க," என்றாள்.

மறுநாள் புதுக் கம்பெனியின் மேனேஜர் சந்தானகோபாலன் முதல் தடவையாகக் குருபூஜைக்குக் காரில் வந்து இறங்கினார். பட்டு வேட்டி, கூடவே போட்டோ எடுக்க ஒரு ஆள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. குருபூஜை அன்று ஷீட் கம்பெனி முதலாளிக்குத்தான் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். அதற்கு முன்னால், சாப்பிட்டு எழுந்தவர்களின் இலையை எல்லாம் அவரே எடுக்க வேண்டும். பழைய முதலாளி ஊர் நெஞ்சைக் கெடுத்தவர்தான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, இலையை ஒழுங்காக எடுத்தார்.

"பரிவட்டம் எங்களுக்குத்தானே?" என்றார் சந்தானகோபாலன்.

"நீங்க வாங்கி ஆறு வருஷம்தானே ஆகுது?" என்றாள் வடிவாம்பாள்.

"கைதான்மா மாறியிருக்கு. கம்பெனி அதேதான். போர்டைப் பாருங்க, 'அறுபது வருஷப் பாரம்பரியம்'னு போட்டிருக்கோம். பழைய முதலாளிக்கு உண்டான மரியாதை எங்களுக்கு வந்தாகணும்."

"வரட்டும். இலை?"

"எத்தனை பந்தி?"

"மூணு."

சந்தானகோபாலன் வேட்டியைப் பார்த்துக்கொண்டார்.

"முதல் பந்தி எடுக்கிறேன். அதோட சரி."

எடுத்தார். நாற்பது இலை. போட்டோவும் எடுத்தாயிற்று. கையைக் கழுவிக்கொண்டு வந்து, வடிவாம்பாள் முன்னால் தலையைக் குனிந்து நின்றார்.

இரண்டாம் பந்தி உட்கார்ந்து, சாப்பிட்டு, எழுந்தது. அது பூரா பழைய தொழிலாளிகள். மாசிலாமணியும் அதில்தான் சாப்பிட்டார்.

இலைகள் அப்படியே கிடந்தன. ஈ மொய்த்தது. மூன்றாம் பந்திக்குப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். உட்கார இடமில்லை.

மாசிலாமணிக்கு மனசு கேட்கவில்லை.

"நான் எடுத்துடறேன் தாயி," என்று குனிந்தார். குனிந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

வடிவாம்பாள் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாதீங்க."

"ஜனம் பசியோட நிக்குதே!"

வரிசையிலிருந்து ஒருத்தி சொன்னாள்: "நாங்க நிக்கிறோம்ணே. நீங்க குனியாதீங்க."

"அம்மா, பரிவட்டம்..." என்றார் சந்தானகோபாலன், குனிந்த தலையோடு. "எனக்கு மீட்டிங் இருக்கு."

பரிவட்டம் வடிவாம்பாள் கையில்தான் இருந்தது. அவள் அசையவில்லை.

மாசிலாமணி இலைகளைப் பார்த்தார். அந்த மேனேஜரைப் பார்த்தார். எவன் சொன்னாலும் இருபத்தாறு வருஷம் வளைந்து கொடுத்த முதுகு. அதை மெள்ள நிமிர்த்தினார்.

நேரே போய்த் தன் எச்சில் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்றத் தொழிலாளிகளும் ஒவ்வொருவராக வந்து அவரவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

மூச்சு நிதானப்படும்வரை பொறுத்திருந்தார். அவசரமே படவில்லை.

"சார், நாங்க சாப்பிட்டாச்சு," என்றார். "எடுங்க."