ஓட்டின் மேல் எருமை

பூங்கோதை டீச்சருக்கு ஒரே ஆசைதான். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர வேண்டும். தலைமையாசிரியை லூர்துமேரியிடம் மன்றாடி, வெள்ளிக்கிழமைக் கடைசி பீரியடை அதற்கென்று வாங்கியிருந்தாள்.

ஒரு மாதம் பொறுத்து லூர்துமேரி வகுப்புக்கு வந்தார். எங்கே, பாட்டைச் சொல்லுங்கள் என்றார். பிள்ளைகள் எழுந்து, கைகட்டி, ஒரே குரலில் ஒப்பித்தார்கள்.

"துளி என்றால் சொட்டு. குட்டை என்றால் சிறிய குளம்."

கரும்பலகையில் பூங்கோதை எழுதிப்போட்ட சொற்பொருள் அது. பாவம், ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார்கள். பாட்டுத்தான் ஒருவருக்கும் வரவில்லை. அடுத்த வாரமும் இதே கதையென்றால் அந்த பீரியட் கணக்குக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார் லூர்துமேரி.

பயிற்சிப் பள்ளியில் தனக்குப் பாடம் எடுத்த மரியதாஸ் ஐயாவிடம் போய், அழாத குறையாக நின்றாள் பூங்கோதை.

"சின்னப் பிள்ளைகளுக்குக் கவிதையை எப்படிய்யா கொடுக்கிறது?"

அவர் டீ வாங்கிக் கொடுத்து, வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார். அவள் மேல் அவருக்கு அப்படி ஒரு வாஞ்சை.

வந்தவர் முதல் வேலையாகச் சொற்பொருளை அழித்தார். பிறகு மேசையில் தாளம் தட்டிப் பாட ஆரம்பித்தார்.

ஓட்டு மேல மழைத்துளி
ஓடி வந்து தாளம் போடு
குட்டைக்குள்ள தவளைத்தம்பி
கூடச் சேர்ந்து மேளம் போடு

இன்னொரு தடவையும் பாடினார். அதற்கடுத்த தடவை, முகத்தில் சிரிப்பே இல்லாமல், "ஓட்டு மேல எருமைமாடு" என்றார்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பள்ளி திறந்த நாளிலிருந்து வாயே திறக்காத இசக்கியம்மாள் எழுந்து நின்றாள்.

"எருமை ஏறுனா ஓடு நொறுங்கிரும் சார். மழைத்துளிதான்."

"அப்படியா தாயி? சரி."

அடுத்து குட்டைக்குள் பூனைத்தம்பியை இறக்கினார். பூனைக்குத் தண்ணீர் ஆகாது என்று கடைசி பெஞ்சு அடித்துச் சொன்னது. அவர் தப்பும் தவறுமாகப் பாட, அவர்கள் விடாமல் திருத்த, மணி அடிக்கும்போது முழுப் பாட்டும் அவர்கள் வாயில் இருந்தது. பையை மாட்டிக்கொண்டு பாடியபடியே ஓடினார்கள்.

வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்த லூர்துமேரி, பீரியட் உனக்கே இருக்கட்டும் என்று பூங்கோதையின் தோளைத் தட்டிவிட்டு நடந்தார்.

பூங்கோதைக்கு மனசு நிறைந்துவிட்டது. ஆனாலும் டீச்சர் புத்தி போகுமா? வெறும் கரும்பலகையைப் பார்த்தாள். சாக்பீஸைக் கையில் எடுத்தாள்.

"ஐயா, அப்போ அர்த்தத்தை எப்போ சொல்லிக்கொடுக்கட்டும்?"

மரியதாஸ் ஐயா கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார்.

"அர்த்தம் தெரியாமலாம்மா அந்த எருமையைக் கீழே இறக்கிவிட்டாங்க?"