சூறன் தண்ணீர் குடிக்க வந்த நாள்

மூங்கில் காட்டுக் குளக்கரையில் அன்று கால் வைக்க இடமில்லை. கழுதைப்புலி சூறன் திரும்பி வருகிறானாம்!

"எந்தச் சூறன்?" என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் காட்டில் அவனைத் தெரியாதவர் உண்டா? குளக்கரையில் யாரும் யாரையும் கொல்லக் கூடாது என்பது சட்டம். அதைத் துணிந்து மீறியவன் அவன் ஒருவன்தான். அதற்காகக் காட்டை விட்டே துரத்தப்பட்டவன்.

குரங்குக் குட்டிகள் காலையிலிருந்தே சூறன் விளையாட்டில் இறங்கிவிட்டன.

"நான்தான் சூறன்!"

"போடா, நேத்தும் நீதான் சூறன்! இன்னைக்கு நான்!"

சூறனிடம் சாகிற முயலாக நடிக்க மட்டும் ஆள் கிடைக்கவில்லை.

கௌதாரி மின்னிக்கு இதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மின்னிக்கு வாய் சும்மா இருக்காது. வாதம் என்று வந்துவிட்டால் இரை கொத்தக்கூட மறந்துவிடுவாள்.

"வெட்கமா இல்லையா உங்களுக்கு? அவன் கொலைகாரன்!"

"கொலைகாரன்தான் அக்கா, யார் இல்லைன்னா?" என்றது ஒரு குட்டி. "ஆனா என்ன ஒரு ஸ்டைலு!"

பக்கத்துக் கிளையில் மைனா கதை சொல்லிக்கொண்டிருந்தது. "நாக்கைத் தொங்கப் போட்டு, ஈ மொய்க்க மொய்க்கச் செத்தவன் மாதிரியே கிடந்தானாம்! ஐயோ பாவம்னு எல்லாரும் கிட்டப் போனாங்களா? லபக்!"

"அடடா, என்ன மூளை!" என்று சிலிர்த்தது மயில்.

"மூளையா அது?" மின்னி பாய்ந்தாள். "இரக்கப்பட்டு வந்தவங்களைக் கடிச்சிருக்கான். அதுக்குப் பேரு மூளையா, மயிலண்ணே?"

"அட, எப்பவோ நடந்தது. நீ ஏம்மா இப்படிக் கொதிக்கிற?"

கொதிக்காமல் என்ன செய்வாள்? கோடையில் வற்றாத குளம் இது ஒன்றுதான். அவளுடைய குஞ்சுகளுக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை. தினமும் தத்தித் தத்தி இங்கேதான் தண்ணீருக்கு வரவேண்டும். சூறன் இன்று யாரும் மறுக்காமல் இந்தக் குளத்தில் ஒரு வாய் குடித்துவிட்டால் போதும், பிறகு அவன் இந்தக் காட்டுக்காரன். பழைய கொலைகளைச் சொல்லி யாரும் துரத்த முடியாது.

புதர் விலகியது. சூறன் வந்தான்!

முதுகில் கறுப்புப் பட்டைகள் மினுமினுத்தன. தலையைக் குனிந்து, ஒரு காலை லேசாக நொண்டிக்கொண்டு வந்தான். "எல்லாருக்கும் வணக்கம். பயப்படாதீங்க, வயித்தை நிரப்பிக்கிட்டுத்தான் வந்திருக்கேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. குரங்குகள் கைதட்டின.

சூறன் முன்னங்கால்களைத் தண்ணீரில் வைத்து நின்றான். தலைவி யானை தும்பிக்கையை உயர்த்தினாள். "இவன் குடிப்பதை மறுப்பவர் உண்டா?"

"நான் மறுக்கிறேன்!" மின்னி கூட்டத்தின் நடுவே வந்து குதித்தாள்.

"யாருக்காக மறுக்கிறாய்? பெயரைச் சொல்."

அதுதான் காட்டின் வழக்கம். சொந்தப் பகையை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் தடுத்துவிடக் கூடாது. இறந்தவர் பெயரைச் சொன்னால்தான் மறுப்பு செல்லும்.

"அந்த... முயலுக்காக!"

"எந்த முயல்?"

மின்னி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. சூறனுக்கு என்னென்ன பட்டப்பெயர், எந்தக் குகையில் ஒளிந்தான், எப்படிப் பிடிபட்டான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இத்தனை நாளும் அவனைத் திட்டித் திட்டியே தொண்டை வறண்டிருக்கிறாள். ஆனால் செத்த முயலின் பெயர்? அவளும் கேட்டதே இல்லை!

"மைனா, நீ சொல்லு! தினமும் அந்தக் கதையைச் சொல்றியே!"

"கதையில பேரெல்லாம் வராதே," என்று முனகியது மைனா.

"மயிலண்ணே?"

மயில் வேறு பக்கம் பார்த்தது.

"விடும்மா, கொன்ன எனக்கே தெரியாது!" என்றான் சூறன். இந்த முறை கூட்டத்தில் பாதிதான் சிரித்தது.

அவன் வாயைத் தண்ணீரை நோக்கி மெல்லத் தாழ்த்தினான்.

மின்னி சுற்றுமுற்றும் பார்த்தாள். கடைசி வரிசையில், சருகுக்குள் பாதி மறைந்து, ஒரு சருகுமான் தாய் நடுங்கிக்கொண்டிருந்தாள். இவள் பிள்ளையும் அல்லவா இந்தக் கரையில் சூறனிடம் செத்தது! மின்னி அவளிடம் பறந்தாள்.

"அக்கா! உங்க பிள்ளை பேரு என்ன?"

சருகுமான் அவளை விழித்துப் பார்த்தாள். "இத்தனை நாள்ல யாரும் கேட்டதில்லையே..."

"நானும்தான் கேட்கல. தப்புதான் அக்கா! இப்போ கேட்கிறேன், சீக்கிரம்!"

"எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் எப்படி..."

"சிரிக்கட்டும்! சொல்லுங்க!"

"செவ்வந்தி," என்றாள் அந்தத் தாய். பிறகு எழுந்து நின்று உரக்கவே சொன்னாள். "என் பொண்ணு பேரு செவ்வந்தி! தண்ணியில தன் முகத்தைப் பார்த்தா தும்முவா. அன்னைக்கும் தும்மினா. நான் சிரிச்சுக்கிட்டே திரும்பினேன். அதுக்குள்ள..."

கைதட்டிய குரங்குகள் கைகளை இறக்கிக்கொண்டன.

"செவ்வந்திக்காக மறுக்கிறேன்!" காடே அதிரக் கத்தினாள் மின்னி.

"துள்ளானுக்காக!" என்று ஒரு முயல் முன்னால் வந்தது. "என் தம்பி அவன்!"

"எங்க சித்தி பேரு கொம்பாயி!" என்று மரத்திலிருந்து ஒரு குரங்கு அழுதது. காலையில் சூறனாக நடித்த குட்டி அதன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

பெயர்கள் வரிசையாக வந்தன. சூறன் அவசரமாகக் குனிந்தான். அவன் மூக்கு தண்ணீரைத் தொடும் நேரத்தில் தும்பிக்கை குறுக்கே விழுந்தது.

"போதும். கரையேறு," என்றாள் தலைவி.

"தாயே, நான் திருந்திட்டேன்!"

"நீ கொன்றவர்களில் ஒருவர் பெயரையாவது விசாரித்துக்கொண்டு வந்தாயா?"

சூறன் பின்வாங்கிக் கரையேறினான். நொண்டலையும் மறந்து, நாலு கால் பாய்ச்சலில் காட்டைத் தாண்டி ஓடினான்.

கொடியவனின் புகழை மட்டும் பேசி, அவனால் மாண்டவர் பெயரை மறக்கிற ஊர், அவன் திரும்பி வரத் தானே வழி திறந்துவைக்கிறது.