விசில் இல்லாத பந்தி

பல்லடத்துக்குத் தெற்கே இருக்கும் அந்த மடத்தில் அன்று குருபூஜை. பந்திப் பொறுப்பு தண்டபாணியிடம் இருந்தது. முப்பது வருஷம் நூற்பாலையில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, அறுபது வயதில் சீடராக வந்து சேர்ந்தவர். பழக்கம் விடவில்லை. கழுத்தில் ஒரு விசில் தொங்கியது.

ஒரு விசிலுக்கு சாம்பார். இரண்டு விசிலுக்கு ரசம். பரிமாறும் பெண்கள் அப்படித்தான் நடக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். முதல் பந்தியில் பருப்புச் சோறு பாதி இருக்கும்போதே சாம்பார் வந்து விழுந்தது. அதன் தலையிலேயே ரசம். ஓர் அம்மாள் இலையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டார். பலர் பாதியில் எழுந்து போனார்கள். பாவம், தண்டபாணி இன்னும் பலமாக ஊதினார்.

பந்தி முடிந்ததும் சாமியிடம் போனார். சாமி அவரைவிட இருபது வயது இளையவர். துறவுக்கு முன் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர்.

"எனக்கு இந்தப் பொறுப்பு வேண்டாமுங்க சாமி. பொட்டியைக் கட்டிட்டு ஊருக்கே போயிடறேன். ஒருத்தனா நான் எத்தனை பேரைத்தான் மேய்க்கிறதுங்க?"

சாமி கேட்டார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு நெய் தோசைங்க."

"அந்த நெய் எப்பச் சிறுகுடலுக்குள்ள இறங்குச்சு?"

"அது எனக்கு எப்படீங்க தெரியும்?"

"சிறுகுடலுக்குத் தெரிஞ்சுது. உடனே ஒரு ஹார்மோனை ரத்தத்துல விட்டுது. அது உடம்பு பூராவும் சுத்துச்சு. முழங்கால் கண்டுக்கல. பித்தப்பை புரிஞ்சுக்கிட்டுப் பித்தத்தை அனுப்புச்சு. கணையம் தன் சாறை விட்டுது. கீழ வேலை முடியலன்னு இரைப்பை வேகத்தைக் குறைச்சுக்கிச்சு. நீங்க அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

தண்டபாணி யோசித்தார்.

"விசிலைத் தேடிட்டு இருந்தனுங்க."

சாமி கையை நீட்டினார். விசில் கைமாறியது. இரண்டாம் பந்தியின் கடைசி இலையில் அவரை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். பரிமாறும் பெண்களிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"இலையைப் பார்த்துக்குங்க."

பருப்பும் நெய்யும் வந்தன. எதிரே பல்லில்லாத பெரியவர் ஒருவர் மெதுவாகப் பிசைந்துகொண்டிருந்தார். பரிமாறும் பெண்களில் முன்னால் போன மரகதம் அதைக் கண்டு, பின்னால் வந்தவளுக்குக் கையை லேசாகக் காட்டினாள். சாம்பார் வாளி நின்றது. அவர் முடித்ததும் நகர்ந்தது. தண்டபாணியின் கை இரண்டு முறை கழுத்துக்குப் போய்த் திரும்பியது. பாதியில் யாரும் எழுந்திருக்கவில்லை. அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

வாயில் சோற்றோடு சாமி பக்கம் திரும்பினார்.

"எல்லாம் அவங்களே பார்த்துக்கறாங்க. அப்ப மூணாம் பந்திக்கு நான் என்னங்க சாமி பண்ணட்டும்?"

"முதல்ல நல்லா மெல்லுங்க. அதை மட்டும் வயித்துக்குள்ள யாரும் செய்ய மாட்டாங்க."