எல்லாரும் கண்ணாக வேண்டும்

அல்லிக் குளத்தில் ஒரு தவளை ஐந்நூறு முட்டைகள் இட்டது. மறுநாளே கெளுத்தி மீன் வந்து அத்தனையையும் தின்று தீர்த்தது. அல்லி இலையின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு முட்டை மட்டும் தப்பியது. தவளைக்கு அழக்கூடத் தெம்பில்லை. அந்த இலையை விட்டு அது நகரவே இல்லை.

முட்டைக்குள் ஒன்றாக இருந்த உயிரணு இரண்டானது. இரண்டு நாலானது, நாலு எட்டானது. பொழுது சாய்வதற்குள் ஆயிரக்கணக்கில் பெருகி உருண்டையாகத் திரண்டுவிட்டன. எல்லா அணுக்களும் ஒரே மாதிரி இருந்தன. எல்லாவற்றின் கையிலும் ஒரே புத்தகம் இருந்தது. தோலாவது எப்படி, எலும்பாவது எப்படி, இதயமாவது எப்படி என்று எல்லாமே அதில் எழுதியிருந்தது. யார் எந்தப் பக்கத்தைப் பிரிப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

கெளுத்தி வருவதைத் தாங்களே பார்த்திருந்தால் என் பிள்ளைகள் பிழைத்திருக்குமே என்று தாய்த் தவளை நினைத்து நினைத்து மாய்ந்தது. பார்த்திருந்தாலும் முட்டை எப்படி ஓடும் என்று அதற்குத் தோன்றவில்லை. துக்கத்தில் யாருக்குத்தான் எல்லாம் தோன்றுகிறது?

அது முட்டையின் பக்கத்தில் போய், "பிள்ளைங்களா, நீங்க எல்லாரும் கண்ணாயிடுங்க. ஒருத்தர் விடாம" என்றது.

அணுக்களுக்குப் பெருமை தாங்கவில்லை. கண் என்றால் சும்மாவா? உடம்பிலேயே மரியாதையான உத்தியோகம் அதுதான். எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு கண்ணின் பக்கத்தைப் பிரித்தன. கடைக்கோடியில் இருந்த ஓர் அணு மட்டும் வேறு பக்கத்தைப் பிரித்தது.

"நீ என்ன ஆகப்போற?" என்று தவளை கேட்டது.

"வாலாகப் போறேம்மா."

தவளைக்குக் கோபம் வந்துவிட்டது. தவளைக் குலத்தில் வால் என்பது இரண்டு மாதத்து வேலை, பிறகு இருந்த இடம் தெரியாமல் கரைந்துபோகும், அதற்காகவா இந்தப் பிறவி என்று திட்டித் தீர்த்தது.

அந்த அணு தயங்கியது. கண்ணாக அதற்கும் ஆசைதான். முன்பக்கம் இருந்திருந்தால் ஆகியும் இருக்கும்.

"பக்கத்துல இருக்கறவங்க, இங்க வால்தான் வேணும்னு சேதி சொல்லிக்கிட்டே இருக்காங்கம்மா. நான் கரைஞ்சு போவேன்னு எனக்கும் தெரியும். அதுவரைக்கும் யாரு நீந்தறது?"

இந்தக் கேள்வி மற்ற அணுக்களின் காதிலும் விழுந்தது. அப்போதுதான் அவை தங்கள் அக்கம்பக்கத்தைக் கவனித்தன. நெஞ்சுப் பக்கம் இருந்தவை இதயமாயின. உள்ளே மாட்டிக்கொண்டவை முணுமுணுத்துக்கொண்டே குடலாகச் சம்மதித்தன. முன்னால் இரு பக்கமும் இருந்த சில மட்டுமே கண்ணாயின. ஒரு பக்கத்தை ஊன்றிப் படித்து முடித்ததும் மற்ற பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. இனி யாரும் மாற முடியாது.

சில நாளில் தலைப்பிரட்டை வெளியே வந்து நீந்தியது. தாய் ஆவலோடு பார்த்தது. இரண்டே இரண்டு கண்! இது எங்கே பிழைக்கப்போகிறது என்று மனம் விட்டுப்போய்க் கரையேறி உட்கார்ந்துவிட்டது.

ஒரு நாள் காலையில் கெளுத்தி மறுபடியும் வந்தது. கரையிலிருந்து தாய் அதைப் பார்த்தது. தலைப்பிரட்டையின் கண்களும் பார்த்தன. பார்த்ததற்காகக் கெளுத்தி நின்றுவிடவில்லை. வாயைத் திறந்துகொண்டு நேரே வந்தது. அதன் மீசை பிள்ளையின் மேல் உரசியபோது தாய்க்கு உயிரே போய்விட்டது. அந்தக் கணத்தில் வால் சட்டென்று அடித்தது. தலைப்பிரட்டை பாசிக்குள் பாய்ந்தது. கெளுத்தியின் வாயில் வெறும் தண்ணீர்தான் இருந்தது.

தவளை பாசிக்குள் போனது. மெலிந்த அந்த வாலிடம், "உன்னைப் போய்த் திட்டினேனே. என் பிள்ளையைக் காப்பாத்திட்ட" என்றது.

"நான் மட்டும் இல்லம்மா. கண்ணு பாத்துச் சொல்லலைன்னா எனக்கு எப்படித் தெரியும்?" என்றது வால்.

ஓர் உயிர் பிழைக்க எல்லா வேலையும் வேண்டும். அதில் ஒன்றை மட்டும் உயர்வென்று பிடித்துக்கொள்பவர் தம் பிள்ளையின் உயிரோடுதான் விளையாடுகிறார்.