போகிற வழிக்கு மட்டும்

"மூத்தோன் எதுக்காக அப்படி ஒரு கட்டளை போட்டாரு, ஆசானே?" என்று கேட்டாள் நல்லினி.

நல்லினி நரைத்த தலைக்காரி, படைத்தலைவி. ஆசான் மருதிக்கு அவளைவிடப் பாதி வயதுதான் இருக்கும். காரிக்கோள் என்ற அந்தக் கிரகத்தில் ஆசான் பட்டம் வயதைப் பார்த்து வருவதில்லை.

"எந்தக் கட்டளை?" மருதி தன் தலைக்கவசத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எரிபொருள் கட்டளை."

காரிக்கோளில் போருக்குப் புறப்படும் விண்கலங்களுக்குப் போகிற வழிக்கு மட்டும்தான் எரிபொருள் ஊற்றுவார்கள். ஜெயித்தால் எதிரியிடம் பிடுங்கிக்கொண்டு திரும்பலாம். தோற்றால் திரும்புகிற பேச்சே இல்லை. காரிக்கோள் குலத்தைத் தொடங்கிய மூத்தோன் அழிசி போட்ட சட்டம் அது.

ஏன் போட்டார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே செத்தும் போனார். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது.

வீரம் வளரட்டும் என்றுதான் போட்டார் என்றது ஒரு கட்சி. கூட வந்த படை தன்னைத் தனியே விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுமோ என்று பயந்து போட்டார் என்றது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் கலத்தில் ஏறும்போது மட்டும் ஒரே மாதிரி ஏறின, பாதித் தொட்டியோடு.

"இப்ப எதுக்கு இந்தக் கேள்வி?" என்றாள் மருதி.

"போன போர்ல நாம ஜெயிச்சோம்."

"தெரியும். ஊரே ஆடுச்சு."

"எதிரி ஓடறதுக்கு முன்னாடி, தனக்கு வேண்டியதை எடுத்துக்கிட்டு மிச்சத் தொட்டிய எல்லாம் வெட்டவெளியில திறந்து விட்டுட்டான். எங்களுக்குச் சொட்டுகூட மிச்சம் வைக்கல."

மருதியின் கை நின்றது.

"என் படைப் பிள்ளைங்க அவங்கவங்க கலத்துல ஒட்டிக்கிட்டு இருந்ததை வழிச்சு என் கலத்துல ஊத்துனாங்க. தலைவி ஊர் போய்ச் சேரணுமாம். நான் மாட்டேன்னேன். என்னை உள்ளே தள்ளி வெளியே பூட்டிட்டாங்க."

"அப்புறம்?"

"வானொலியில பேசிக்கிட்டே வந்தேன். ஒவ்வொரு குரலா நின்னுச்சு."

வென்றவர்கள் செத்தார்கள். தோற்றவன் வீடு போய்ச் சேர்ந்தான். இந்தக் கூத்து காரிக்கோளைத் தவிர வேறெங்கும் நடக்காது. நடந்ததற்கு விழா வேறு எடுத்தார்கள்.

"நாளைக்குப் புதுப்படையோட கிளம்பறேன்," என்றாள் நல்லினி. "பாதிப் பேருக்கு இது முதல் போர். அவங்க முகத்தை என்னால பார்க்க முடியல. அதனாலதான் கேக்கறேன். மூத்தோன் துணிச்சலுக்காகச் சொன்னாரா, பயந்து சொன்னாரா?"

மருதி கவசத்தைக் கீழே வைத்தாள்.

"துணிச்சலுக்காகத்தான்."

"உறுதியாவா?"

"உறுதியா. இப்ப என்ன செய்வீங்க?"

நல்லினி யோசிக்கவில்லை. "தொட்டிய நிரப்புவேன்."

"மறந்துட்டேன், பயந்துதான் சொன்னாரு. என்ன செய்வீங்க?"

"நிரப்புவேன்."

"ரெண்டும் இல்ல. அன்னிக்கு எரிபொருள் தட்டுப்பாடு, வேற வழியில்லாம சொன்னாரு."

"அப்பவும் நிரப்புவேன்."

மருதி மறுபடி கவசத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அப்ப என்கிட்ட எதைக் கேக்க வந்தீங்க?"

நல்லினிக்குக் கோபம் வந்தது. ஆசான்மேல் இல்லை, தன்மேல்.

பிறகு வணங்காமல் எழுந்து போனாள். ஆசானை வணங்காமல் போவது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. மருதி சிரித்தாள்.

மறுநாள், காற்றடைத்த கூரைக்குள் கலங்கள் நிற்கும் திடலில் எரிபொருள் ஊற்றுகிறவர்கள் வழக்கமான பாதிக் கோட்டில் குழாயை மூடிவிட்டு நகரப் பார்த்தார்கள். நல்லினி குழாயை வாங்கிக்கொண்டாள். கோட்டைத் தாண்டி ஊற்றினாள். ஒரு கலம் முடிந்ததும் அடுத்த கலத்துக்குப் போனாள். அவளைத் தடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. உதவவும் வரவில்லை.

சேதி கேட்டுப் பெருந்தலைவர் தித்தன் வந்து சேர்ந்தார். குலம் முழுவதும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது.

"குழாயைக் கீழே போடு."

நல்லினி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"திரும்புற வழி இருந்தா எவன் நின்னு சண்டை போடுவான்? முதல் அடியிலயே ஓடிருவான்."

"ஓடறவன் ஓடட்டும். நான் நிக்கிறேன்."

"மூத்தோனைவிட நீ பெரியவளா? அவர் மனசுல என்ன இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது, தலைவரே. உங்களுக்கும் தெரியாது."

"அப்ப எதை நம்பி இதைச் செய்யற?"

அவள், கிளம்புவதற்காக வரிசையில் நின்ற படைவீரர்கள் பக்கம் திரும்பினாள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நீங்க எல்லாரும் வீட்டுக்குத் திரும்பணும். எனக்கு வேற காரணம் இல்ல."

படைவீரர்களில் ஒருத்தி மட்டும் வரிசையைவிட்டு வெளியே வந்து, இழுபட்டுக் கிடந்த குழாயின் நடுப்பகுதியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தித்தன் குரலைத் தாழ்த்தினார். "கட்டளையை மீறுனா கவசம் இல்லாம கூரை வாசலுக்கு வெளியே விடுவோம். வெளியே காத்து இல்ல. தெரியும்ல?"

"தெரியும்," என்றாள் நல்லினி. "இன்னும் நாலு கலம் பாக்கி இருக்கு. ஊத்திட்டு வரேன்."