சிவப்பு உத்தரம்

ஆற்றங்கரை ஆசிரமம் ஒன்றில் தவமணி அம்மா பாடம் சொல்லி வந்தார். அவருக்கு நாற்பது வயது. அவருடைய மாணவர் சிவசைலத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. கட்டடப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர்.

ஆசிரமத்து அன்னதான மண்டபம் மிகப் பழையது. சிவசைலம் அதை ஒரு தூண், ஓர் உத்தரம் விடாமல் கணினிக்குள் அப்படியே கட்டி வைத்திருந்தார். மண்டபத்தில் அங்கங்கே பொருத்திய கருவிகள் விரிசலையும் தொய்வையும் அளந்துகொண்டே இருக்கும். நல்லபடியாக இருக்கும் பகுதி திரையில் பச்சையாகத் தெரியும். ஆபத்து என்றால் சிவப்பாகிவிடும்.

அம்மா அன்றுதான் வெளியூரிலிருந்து திரும்பியிருந்தார். பையைக் கீழே வைப்பதற்குள் சிவசைலம் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"அநியாயம் அம்மா! மொட்டை மாடியில் புதிதாகத் தண்ணீர்த் தொட்டி வைத்தார்களே, அதன் பாரத்தில் நடு உத்தரம் தொய்கிறது. போன வாரமே திரையில் சிவப்பு வந்துவிட்டது."

"மேனேஜரிடம் சொன்னீர்களா?"

"தொண்டை வற்றச் சொன்னேன். குருபூஜைக்கு நாலு பெரிய மனிதர்கள் வருவார்களாம். சிவப்பைப் பார்த்தால் முகம் சுளிப்பார்களாம். எவ்வளவு தொய்ந்தால் சிவப்பாக வேண்டும் என்று நான் ஓர் அளவு வைத்திருந்தேன். அதை ஏற்றி வையுங்கள் என்றார். முடியாது என்றேன். வேறு ஆளை வைத்து நேற்று ஏற்றிவிட்டார். இப்போது எல்லாம் பச்சை! உத்தரம் மட்டும் தொய்ந்தபடியே இருக்கிறது. மனிதர்களா அம்மா இவர்கள்? குழந்தைகள் சாப்பிடுகிற இடம்!"

அம்மா அவரையே பார்த்தார்.

"நேற்று நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள்?"

"மண்டபத்தில்தான்."

"மண்டபத்தில் எங்கே?"

"வழக்கமான இடத்தில். ஃபேனுக்கு நேர் கீழே."

"ஃபேன் எதில் தொங்குகிறது, ஐயா?"

"அந்த நடு உத்தரத்தில்தான்..." என்றார் சிவசைலம்.

பந்திக்கு மணி அடித்தது. அவர் திரும்பி மண்டபத்தை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். உள்ளே இலை போட்டாகிவிட்டது. ஜனங்கள் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். ஃபேனுக்குக் கீழே இருந்த தம் இலையை எடுத்தார். வெளியே முற்றத்து வெயிலில் விரித்து உட்கார்ந்தார்.

அந்த ஆசிரமத்தில் பந்தியை விட்டு யாரும் தனியே உட்கார்ந்தது கிடையாது. எல்லாத் தலைகளும் திரும்பின. மேனேஜர் பூவராகன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன ஐயா, உண்ணாவிரதமா?"

"உண்ணத்தான் வந்திருக்கிறேன்."

"உள்ளே இடமில்லையா?"

"நிறைய இருக்கிறது. தலைக்கு மேலே அந்த உத்தரமும் இருக்கிறது. அதன் கீழே இனி நான் உட்கார மாட்டேன். மற்றவர்களும் உட்காரக் கூடாது."

பூவராகனின் முகம் சிவந்தது. "திரையைப் பார்த்தீர்களா? பச்சை ஐயா, பச்சை!"

"அப்படியானால் என் இடம் காலிதான். போய் உட்காருங்கள். காற்று நன்றாக வரும்."

பூவராகன் வீறாப்பாக உள்ளே போனார். அந்த இடத்துக்கு இரண்டடி முன்னால் அவருடைய கால் நின்றது. தலை தானாக மேலே நிமிர்ந்தது. உத்தரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவரைப் பந்தி முழுவதும் பார்த்தது.

முதலில் ஒரு பெண் எழுந்தாள். இரண்டு குழந்தைகளையும் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து சிவசைலத்துக்கு அடுத்தாற்போல் உட்கார்ந்தாள். சோற்று வாளியோடு நின்ற பரிமாறுபவர், "இப்ப நான் எங்கேதான் போடறது?" என்று கத்தினார்.

தவமணி அம்மாவும் ஓர் இலையோடு முற்றத்துக்கு வந்தார். சிவசைலத்துக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

"ஒரு வாரமாகக் கத்தினேன் அம்மா. ஒருவர் காதில்கூட விழவில்லையே, ஏன்?"

அம்மா பின்னால் திரும்பி மண்டபத்து வாசலைப் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், ஐயா. எல்லாரும் வருகிறார்கள்."