பானைக்குள் என்ன?

“அவுக்காதே! அப்படியே வை!” என்று கத்திக்கொண்டே கோட்டாட்சியர் நாற்காலிமேல் ஏறினார்.

அஞ்சலா மண்பானையை மேசைமேல் வைத்தாள். அதன் வாயில் துணி கட்டியிருந்தது.

“நேத்து நீங்கதானே சார் சொன்னீங்க? இருளர்னா பாம்பு பிடிச்சுக் காட்டு, அப்பதான் பழங்குடிச் சான்றுன்னு.”

சான்று இல்லாவிட்டால் நர்சிங் படிப்புக்கான அரசு உதவித்தொகை இல்லை. அது இல்லாவிட்டால் அவளுக்குப் படிப்பே இல்லை. இன்றுதான் கடைசி நாள்.

“என்ன பாம்பு அது?”

“நீங்களே கிட்ட வந்து பாருங்க சார். நல்லா பாத்து எழுதுங்க.” அவள் முடிச்சில் கை வைத்தாள்.

“வேண்டாம்! நீ இருளர் பொண்ணுதான், நம்புறேன்!”

“அதையே எழுதிக் குடுங்க சார்.”

தபேதார் காகிதத்தை நீட்ட, கோட்டாட்சியர் நாற்காலிமேல் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். வாசலில் காத்திருந்த கூட்டம் எட்டிப் பார்த்தது. அஞ்சலா துணியை அவிழ்த்துப் பானையைக் கவிழ்த்தாள். ஒன்றுமே விழவில்லை.

“ஏமாத்திட்டியே!”

“உள்ள பாம்பு இருக்குன்னு நான் சொன்னேனா சார்? எங்கப்பா அரிசி மில்லுல மூட்டை தூக்குறவரு. நான் பாம்பைத் தொட்டதே இல்ல. என்னை இருளர் பொண்ணுன்னு நம்பாமலா, வெறும் பானையப் பாத்து நாற்காலி ஏறினீங்க?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தபேதார் சிரிப்பை அடக்கிக்கொண்டு முத்திரையை ஓங்கிக் குத்தினார். கோட்டாட்சியர் இறங்கி உட்கார்ந்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அஞ்சலா சான்றை மடித்துவைத்துக்கொண்டு, பானையை இடுப்பில் ஏந்தி அவர் பக்கமாகவே நடந்தாள். அவள் கடந்து போகும்வரை அவர் இரண்டு கால்களையும் தூக்கி வைத்துக்கொண்டார்.